வாட்டம் சரியாக இருக்கிறதா?

(சென்னைப் புறநகரில் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டமொன்றில், கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்தக் கூட்டத்தைப் பங்குனியில் வைத்ததற்குச் சங்கத்துக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். மொட்டை மாடியைப் பற்றிப் பேச வேண்டிய மாதம் இதுதான். ஆனால் இந்த மாதத்தில் யாருக்கும் மாடி ஞாபகம் வருவதில்லை. ஐப்பசியில், தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கிற நேரத்தில், ஹாலில் மின்விசிறிக்குப் பக்கத்தில் சொட்ட ஆரம்பித்ததும்தான் மேஸ்திரியின் நம்பரைத் தேடுவோம். அப்போது ஊரிலுள்ள அத்தனை மேஸ்திரிகளும் வேறு யார் வீட்டு மாடியிலோ இருப்பார்கள். கிடைத்தவர் வந்து ஈரத்தின் மேலேயே எதையாவது பூசிவிட்டுப் போவார். தை பிறந்தால் அது அப்பளம் மாதிரி உரிந்து வரும். "என்ன பூசினாலும் நிக்க மாட்டேங்குது சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஐப்பசி வரை மறந்துவிடுவோம்.

நிற்காததற்குக் காரணம் பூச்சு அல்ல என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஒரு மாடி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது, மேலே விழுந்த தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் கீழே இறங்கிப் போகிறது என்பதுதான். அடுத்தது வெயில். டப்பாவில் வருகிற பூச்சுக்கு மூன்றாவது இடம். நம் செலவு மட்டும் தலைகீழாக இருக்கிறது.

மொட்டை மாடி மட்டமாக இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் மட்டமாக இருந்தால் அது கெட்ட மாடி. பத்தடி நீளத்துக்கு இரண்டு அங்குலமாவது சரிவு வேண்டும். கொத்தனார் 'வாட்டம்' என்பது இதைத்தான். இந்த இரண்டு அங்குலம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும். அதனால் வாட்டத்தைப் பார்க்க ரசமட்டத்தைவிட நல்ல கருவி மழைதான்.

அடுத்த கோடை மழை வரும்போது ஒன்று செய்யுங்கள். மழை விட்டு ஒருமணி நேரம் கழித்து, ஒரு சாக்பீஸோடு மாடிக்குப் போங்கள். எங்கெல்லாம் குட்டை கட்டி நிற்கிறதோ அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். மறுநாள் காலை போய்ப் பாருங்கள். பெரும்பாலான குட்டைகள் காய்ந்திருக்கும். கோடு மட்டும் இருக்கும். ஒன்றிரண்டு குட்டைகள் அப்படியே நிற்கும். இரண்டு நாள் ஆகியும் நிற்கிற குட்டை எதுவோ, அதற்குக் கீழேதான் உங்கள் வீட்டின் அடுத்த கசிவு வரப்போகிறது. அந்த இடத்தில் வழக்கமாக ஒரு கருப்புத் திட்டும், விளிம்பில் மண் படிந்த வளையமும் இருக்கும். மழைக்கு முன்பே அந்த வளையத்தைப் பார்த்து இடத்தைச் சொல்லிவிடலாம். கையில் படம் எடுத்து வைத்துக்கொண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டீர்கள் என்றால், மாடி முழுக்கப் பூச வேண்டும் என்று அவர் ஆரம்பிக்க மாட்டார்.

மழை எவ்வளவு விழுகிறது என்பதையும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை நுங்கம்பாக்கத்தில் 294 மில்லிமீட்டர் பெய்தது. ஆயிரம் சதுர அடி மாடியில் அது ஏறத்தாழ 27,000 லிட்டர். ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி மூன்றைக் கொண்டுவந்து உங்கள் மாடியில் கவிழ்த்தது போல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அங்கே கணக்கு ஒன்பது லாரிக்கு மேல் போகும். இவ்வளவும் எந்த வழியாக இறங்க வேண்டும்? பல வீடுகளில் ஒரே ஒரு மூன்று அங்குலக் குழாய் வழியாக. மணிக்கு நூறு மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்தால் ஒரு நான்கு அங்குலக் குழாய் சுமார் 40 சதுர மீட்டர் மாடியைத்தான் சமாளிக்கும். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, இரண்டு குழாய் என்பதே இழுபறி, மூன்று இருந்தால் நல்லது. அந்தக் குழாய் வாயில் ஒரு வேப்பிலைக் கொத்தும் ஒரு பால் பாக்கெட்டும் வந்து உட்கார்ந்துவிட்டால், கணக்கெல்லாம் காலி. பட்டாசுக் குப்பைதான் இதில் மகா மோசம். நனைந்த காகிதம் கூழாகி, வலையில் ஒட்டிக்கொண்டு, சிமெண்ட் பூசினது போல் அடைத்துவிடும். தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருவது நம் ஊர் மாடிகளுக்கு நேர்ந்த சோதனை.

குழாய் வாயில் தட்டையான சல்லடையை எடுத்துவிட்டு, கவிழ்த்த கிண்ணம் போல் மேலெழுந்த வலை மூடி போடுங்கள். அடியில் குப்பை சேர்ந்தாலும் மேல்பக்கத்து வழியாகத் தண்ணீர் போகும். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமான பிறகு, நிறைய வீடுகளில் இந்தக் குழாயைக் கொண்டுபோய் வடிகட்டித் தொட்டியில் விட்டிருக்கிறோம். நல்ல காரியம். ஆனால் அந்தத் தொட்டியின் மணலை எத்தனை பேர் மாற்றியிருக்கிறோம்? அடியில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் குழாயில் ஏறி நின்று மாடியில்தான் தேங்கும். மாடி ஒழுகுவதற்குக் காரணம் வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மண்ணுக்கடியில் இருப்பது அபூர்வமில்லை.

இந்த மட்டமான மாடி நமக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டுக்கு முன்பே இந்த ஊரில் மொட்டை மாடி உண்டு. பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். பழைய கொத்தனார்கள் கட்டைக்குத்து என்பார்கள். தேக்கு உத்திரத்தின் மேல் குறுக்கே கட்டைகள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, மெல்லிய சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, கோணலாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டு கிடையாது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்டக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கட்டை துள்ளித் திரும்பும் வரை தட்ட வேண்டும், அதுதான் பதம். கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள், அதுதான் தட்டோடு.

சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. மெல்லிய விரிசல் விட்டால், மழைத் தண்ணீரில் கொஞ்சம் கரைந்து, அந்த விரிசலிலேயே மறுபடி படிந்து தன்னைத்தானே மூடிக்கொள்ளும். உள்ளே போன ஈரத்தை வெளியே விடவும் செய்யும். மயிலாப்பூரிலோ ஜார்ஜ் டவுனிலோ உங்களுக்கு இப்படி ஒரு பூர்வீக வீடு இருந்தால், தயவுசெய்து அதன் தலையில் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அது கீழே வடிந்து, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனியை உளுத்துப்போகச் செய்யும். நடு உத்திரம் பார்க்கப் பளபளவென்று இருக்கும்; நுனி பஞ்சாகியிருக்கும். சேப்பாக்கம் அரண்மனையின் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை புதுப்பித்தபோது பழைய முறையிலேயே சுண்ணாம்பும் தேக்கும் கொண்டு கூரையை மீட்டார்கள். அதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விலை அதிகம்தான்.

கான்கிரீட் வந்த பிறகு தளம் மாறியது, மேல்சட்டை மாறவில்லை. நான்கைந்து அங்குலக் கான்கிரீட்டின் மேல் அதே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பை மூன்று அங்குலத்துக்குப் போட்டு, மேலே தட்டோடு பதித்தோம். நாம் எல்லோரும் 'சுர்க்கி போடுவது' என்கிறோமே, அதுதான். பொதுப்பணித் துறை விவரக்குறிப்பில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. இது மூன்று வேலை செய்கிறது. வாட்டம் கொடுக்கிறது, வெயிலைத் தடுக்கிறது, தண்ணீரைக் கான்கிரீட்டுக்குப் போகாமல் பிடிக்கிறது. இப்போது சுண்ணாம்புக்குப் பதிலாகச் சிமெண்ட் போட்டு, தட்டுகிற வேலையையும் விட்டுவிட்டார்கள். தட்டாத சுர்க்கி வெறும் ஜல்லி மூட்டை. தண்ணீரைக் குடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒரு வீட்டில் மே மாதம் கூப்பிட்டார்கள். வயதான அம்மா. "தம்பி, மழையே இல்ல. சமையல்கட்டு சீலிங் மட்டும் ஈரமாவே இருக்கு. இது என்னப்பா அதிசயம்?" மேலே போய்ப் பார்த்தால் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஒன்றுமே இல்லை, ஓடு கல் மாதிரி இருக்கிறது. எட்டடி தள்ளித் தண்ணீர்த் தொட்டி. அதன் மேடைச் செங்கல் ஓரமாக ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைப் பாசி. மிதவை வால்வு சரியாக மூடாமல், மோட்டார் போடும்போதெல்லாம் ஒரு குவளை தண்ணீர் வழிந்து, ஓட்டு இணைப்பில் இறங்கி, சுர்க்கிக்குள் நடந்து போய், கான்கிரீட்டில் பலவீனமான இடம் எங்கே என்று தேடிச் சமையலறைக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறது. "அம்மா, மாடிக்கு ஒன்னும் செய்ய வேண்டாம், வால்வ மாத்துங்க" என்றேன். அவர் மகனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஏற்கெனவே மாடி முழுக்கப் பூச ஒருவர் விலை சொல்லியிருந்தார்.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தளத்துக்குள் புதைந்திருக்கும் மின்குழாய்களும் தண்ணீருக்கு ராஜபாட்டை. மின்விசிறிக் கொக்கியில் சொட்டினால் முதலில் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகு மேஸ்திரியைத் தேடுங்கள். மழையில்லாத மாதத்தில் ஓதம் தெரிந்தால் தொட்டி, தொட்டியின் வழிகுழாய், ஏசியிலிருந்து வடிகிற தண்ணீர், பூந்தொட்டி இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல் இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். அடியில் துடைப்பம் போக வேண்டும், காற்றும் போக வேண்டும்.

இப்போது, ஒரு பெரிய தப்பைப் பற்றி. சுர்க்கி பழசாகி ஒழுகுகிறது என்றால், அதன் மேலேயே இன்னொரு சுர்க்கி போட்டுக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். உடைத்து இறக்குகிற கூலி மிச்சம் என்பார்கள். மூன்று அங்குலச் சுர்க்கி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 13 டன். மாடியில் ஆட்கள் நடமாடவும் சாமான் வைக்கவும் பொறியாளர் ஒதுக்குகிற சுமையே, இந்திய தர விதிப்படி, சதுர மீட்டருக்கு 150 கிலோதான். ஆக, இரண்டாவது சுர்க்கி உங்கள் வீட்டுக் கல்யாணக் கூட்டத்துக்கு வைத்திருந்த இடத்தை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது அடுக்கும் போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கைப்பிடிச் சுவர் இடுப்புயரத்திலிருந்து தொடை உயரத்துக்கு வந்துவிட்டிருக்கும். குழந்தைகள் ஓடியாடும் மாடியில் அது தனி ஆபத்து.

முழுக்க உடைப்பதற்கு முன்னால், ஒரு மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு ஓடு ஓடாகத் தட்டிப் பாருங்கள். நன்றாக ஒட்டியிருக்கிற ஓடு கணீரென்று சொல்லும். அடியில் விட்டுப்போனது 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். பொள்ளலான ஓடுகள் அங்கங்கே இருந்தால் அவற்றை மட்டும் எடுத்துப் பதித்து, எல்லா இணைப்புகளையும் சுரண்டிவிட்டு மறுபடி அடைத்தால் போதும். பாதிக்கு மேல் பொள்ளல் என்றால் உடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பாசி பிடித்த ஓட்டை ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஆசிட்டுக்குப் பாசியும் ஒன்றுதான், சுண்ணாம்பும் ஒன்றுதான். ஓடு பளிச்சென்று ஆகும், இணைப்பு போய்விடும்.

வெயிலுக்கு வருவோம். சித்திரை மதியம் மாடித் தளம் 60 டிகிரி வரை சூடேறும். இரவில் முப்பதுக்குக் கீழே இறங்கும். முப்பது டிகிரி வித்தியாசத்துக்குப் பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. தினமும். கீழே இருக்கிற சுவர் நிழலில் இருப்பதால் அசைவதில்லை. அசைகிறதும் அசையாததும் சேருகிற இடத்தில் விரிசல் விடாமல் என்ன செய்யும்? மேல்மாடி வீட்டில், சீலிங்குக்கு ஒரு சாண் கீழே, சுவரோடு படுக்கைவாட்டில் ஓடுகிறதே ஒரு கோடு, அது இதுதான். கட்டடம் இறங்குகிறது என்று பயந்து என்னைக் கூப்பிடுகிறவர்கள் பாதிப் பேர் இந்தக் கோட்டைத்தான் காட்டுகிறார்கள். இதில் சிமெண்ட் வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் மறுபடி விடும். இழுத்தால் நீள்கிற சீலன்ட் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், தளத்தைச் சூடேறாமல் பார்த்துக்கொள்வது.

அதற்கு வெள்ளைதான் மருந்து. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே அரசுக் கொள்கை கொண்டுவந்தது. நம் ஊரில் கொள்கை வருகிற வரை காத்திருக்க வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கை அடித்தாலே மேல்மாடி அறையில் இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறையும். மழையில் கரையும், ஒன்றிரண்டு வருஷத்துக்கொருமுறை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சுகள் கடையில் இருக்கின்றன, இன்னும் நாள் தாங்கும். அடுக்குமாடியில் மேல்மாடிக்காரர்தானே அவதிப்படுகிறார் என்று கீழ்வீட்டுக்காரர்கள் பணம் கொடுக்க மறுப்பதைப் பார்க்கிறேன். தளம் ஆடினால் விரிசல் எல்லோருக்கும் பொது.

தண்ணீரும் விரிசலும் சேர்ந்தால் கடைசியில் போய்ச் சேருகிற இடம் கம்பி. நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. அதன் காரத்தன்மை காப்பாற்றும். காற்றிலிருக்கிற கரியமிலவாயு வருஷக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தை முறிக்கிறது. கடற்கரைப் பக்கமென்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். பிறகு ஈரம் ஒன்றுதான் பாக்கி. துரு, தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அடியில் இருப்பது முக்கால் அங்குலச் சிமெண்ட் காப்புதான், தள்ளிவிடும். சீலிங்கில் நேர்கோடாக, பழுப்புக் கறையோடு விரிசல் ஓடினால், அந்தக் கோட்டுக்குள் ஒரு கம்பி உப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து மறைப்பது மகா பாவம். தொங்குகிற காரையைத் தட்டி எடுத்து, கம்பிக்குப் பின்பக்கம் விரல் போகும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தால் பொறியாளர் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

கைப்பிடிச் சுவரையும் ஒரு சுற்றுப் பாருங்கள். காக்கை போட்ட எச்சத்திலிருந்து முளைத்த அரசஞ்செடி ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். மேலே இரண்டு இலை. உள்ளே ஒரு முழம் வேர். சாமி மரமாயிற்றே என்று விட்டால் சுவரைப் பிளந்துவிடும். வெறுமனே பிடுங்கினால் நான்கு கிளையாக வரும். அந்த இடத்தைக் கொத்தி, வேரை முழுசாக எடுத்துவிட்டு அடைக்க வேண்டும். மனசு கேட்காவிட்டால் எடுத்த கன்றைக் குளக்கரையில் நடுங்கள்.

பூச்சைப் பற்றி நான் சுருக்கமாகத்தான் சொல்வேன். வாட்டம் சரியான, காய்ந்த, விரிசல் அடைத்த தளத்தில் எந்த நல்ல பூச்சும் நிற்கும். அக்ரிலிக் வகை, தேங்கிய தண்ணீருக்கு அடியில் இருந்தால் இளகிவிடும். குட்டை நிற்கிற மாடிக்கு அது வேண்டாம். பாலியூரித்தேன் தாங்கும், விலை அதிகம், வெயில் தாங்கும் மேல்பூச்சும் கேட்கும். எதைப் பூசினாலும் அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் பூச வந்தவரைத் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக, சூரிய மின்தகடு. 2024இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் நம் தெருவிலேயே பல மாடிகளில் தகடு ஏறிவிட்டது. வேண்டாமென்று சொல்லவில்லை, தகட்டின் நிழலும் தளத்துக்கு நல்லதுதான். ஆனால் தகடு 25 வருஷம் இருக்கும். அதற்கு அடியில் இருக்கிற சுர்க்கி இன்னும் எத்தனை வருஷம் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டாண்டு கால்களை ஓட்டில் துளைபோட்டு போல்ட் அடித்து நிறுத்திவிட்டுப் போகிறார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. மாடி வேலையை முதலில் முடியுங்கள், தகடு பிறகு ஏறட்டும். கால்களைத் துளையில்லாமல் கான்கிரீட் கட்டைகளில் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். காற்றுக்கும் சுமைக்கும் அந்தக் கட்டை எவ்வளவு கனமாக வேண்டும், தளம் அதைத் தாங்குமா என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுக்கட்டும். தகட்டுக்கு அடியில் ஆள் குனிந்து போய்ப் பெருக்குகிற உயரமும் வேண்டும். இல்லாவிட்டால் இலைக்குப்பை மக்கி அங்கேயே ஒரு குட்டை உருவாகும்.

மேஸ்திரியோடு பேசும்போது பணத்தை மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டைத் தாராளமாகக் கொடுங்கள். கூலிக்காரர்களுக்கு அன்றன்றைக்குப் பணம் வேண்டும். வேலை முடிந்து இறுகியதும், குழாய் வாய்களைத் துணிமூட்டை வைத்து அடைத்து, இரண்டங்குலத் தண்ணீரை இரண்டு நாள் கட்டி வையுங்கள். கான்கிரீட் தளத்துக்குத்தான் இந்தச் சோதனை. மரக்கட்டை மாடிக்கு வேண்டாம், கனம் தாங்காது. அந்த இரண்டு நாளும் கீழே ஒவ்வோர் அறை சீலிங்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் மேஸ்திரியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு துணிமூட்டையை எடுங்கள். தண்ணீர் எல்லாப் பக்கத்திலிருந்தும் தானாகக் குழாய்க்கு ஓடி வர வேண்டும். எங்காவது ஒரு மூலையில் நின்றுவிட்டால், சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு அவரிடம் காட்டுங்கள். மூன்றாவது தவணை அது சரியான பிறகு.